உழவு, தாள், சரிவு: ஓட்ட நாய்க்கு எந்தத் தரையில் என்ன சிக்கல்?

வரப்போரம் (கேள்வி)

வணக்கம். ஓட்ட நாய் (வேகமாக ஓடி முயலைப் பிடிக்கும் வேட்டை நாய்) வைத்திருப்பவர்களிடம் நிலத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.

நாய்கள் இரண்டு. பெரியது கிரேஹவுண்ட் கலப்பு, தோள் உயரம் 68 செ.மீ., எடை 29 கிலோ. சின்னது விப்பெட் கலப்பு, 54 செ.மீ., 15 கிலோ. குழிமுயல்கள் (வளை தோண்டி வாழும் முயல்கள்) பயிரைத் தின்று தீர்க்கும் பண்ணை. நாய் விட்டுப் பிடிக்க நில உரிமையாளர் எழுதியே கொடுத்திருக்கிறார், சட்டத்திலும் தடை இல்லை. அந்தப் பக்கம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிலம் மூன்று விதம். கீழே சமவெளி: ஒரே வயல் 10 ஹெக்டேர், பாதி அறுத்த தாளோடு நிற்கிறது, பாதி உழுது போட்டிருக்கிறது. நடுவில் சரிவு: ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் புல்வெளிகள், சுற்றிலும் உயிர்வேலியும் கம்பியும், முயல் வளைகள் எல்லாம் கீழ்ப்பக்க வேலியடியில். மேலே கல் கலந்த களிமண் மேடு.

சமவெளியில் பெரிய நாய் எட்டிப் பிடித்துவிடுகிறது, சின்னது பின்தங்குகிறது. சரிவுப் புல்வெளியில் அப்படியே தலைகீழ். பெரியதுக்கு ஒன்றுகூட வாய்க்காது. இது நாயின் குறையா, நிலத்தின் வேலையா? எந்தத் தரையில் எப்போது நாயை அவிழ்க்கவே கூடாது?

புழுதிக்கால்

நாய் மேல் குற்றமில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள், புரிந்துவிடும்.

முழு வேகத்தில் உங்கள் பெரிய நாய் விநாடிக்குச் சுமார் 15 மீட்டர் போகும் என்று வையுங்கள். 10 ஹெக்டேர் சதுர வயலின் ஒரு பக்கம் 316 மீட்டர். குறுக்கே ஓட 20 விநாடிக்கு மேல் கிடைக்கும். வேகம் பிடிக்க, முயல் திரும்பினால் அகலமாக வளைந்து மறுபடி நெருங்க, எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஓர் ஏக்கர் சதுரத்தின் பக்கம் 64 மீட்டர்தான். நாய் முழு வேகத்துக்கு வந்து இரண்டு விநாடியில் எதிரே வேலி நிற்கும். 29 கிலோவை அந்த வேகத்திலிருந்து ஈரப் புல்லில் நிறுத்தக் குறைந்தது 15 மீட்டராவது வேண்டும். ஆக, முக்கால் வயலைத் தாண்டும் முன்பே நாய் பிரேக் போடத் தொடங்க வேண்டும். கொஞ்சம் அனுபவமுள்ள நாய் வேலியைக் கண்டதும் தானே வேகத்தை அடக்கிக்கொள்ளும். உங்களுக்கு அது சோம்பல் போலத் தெரியும். உண்மையில் அது புத்திசாலித்தனம்.

அடுத்தது வளை. குழிமுயல் விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடும். வளையிலிருந்து 40 மீட்டர் தள்ளி மேய்கிறது என்றால் நாலு விநாடியில் உள்ளே போய்விடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நாய் அந்த நாலு விநாடியில் 45 மீட்டர் போனால் பெரிய விஷயம். நீங்கள் முயலுக்குப் பின்னால் 30 மீட்டரில் நின்று அவிழ்த்தால் நாய் 70 மீட்டர் ஓட வேண்டும். அது நடக்காது, எந்த நாயாலும் நடக்காது.

அதனால் சின்ன வயலில் தூரத்தைப் பார்க்காதீர்கள், கோணத்தைப் பாருங்கள். வளை இருக்கும் வேலியை ஒட்டியே நடந்து வந்து, முயலுக்கும் வளைக்கும் நடுவில் பக்கவாட்டாக நுழையும்படி அவிழ்க்க வேண்டும். அப்போது முயல் நாயை நோக்கித்தான் ஓடி வரும், இல்லையென்றால் வளையை விட்டு வெளியே திரும்பும். திரும்பிய இடத்தில் 15 கிலோ நாய் இரண்டு எட்டில் மடங்கிவிடும். 29 கிலோ நாய் வழுக்கிக்கொண்டே போகும். அதே வேகத்தில் ஓடினாலும் அதன் உந்தம் ஏறக்குறைய இரு மடங்கு.

சரிவு வயலுக்குச் சின்னது, சமவெளிக்குப் பெரியது. இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் சின்ன வயலில் அவிழ்க்க மட்டும் வேண்டாம். இரண்டும் ஒரே முயலின் திருப்பத்தில் பாய்ந்து ஒன்றன் விலாவில் இன்னொன்று மோதினால் கழுத்து, தோள்பட்டை எதுவும் போகலாம்.

மேட்டுநிலம்

மேலே சொன்ன கணக்கு சரி. நான் தரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காயத்தில் பெரும்பங்கு அதில்தான் வருகிறது.

தாள் நிலம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டீர்கள். என்ன பயிரின் தாள்? கோதுமை, பார்லித் தாள் உள்ளே குழல், மிதித்தால் மடங்கும். அறுத்து இரண்டு மழை கண்டுவிட்டால் பயமில்லை. மக்காச்சோளம், சூரியகாந்தி, கடுகு வகை, பருத்தி இவற்றின் கட்டைகள் மரம். இயந்திரம் சாய்வாக வெட்டிவிட்டுப் போன கட்டை ஈட்டி முனை மாதிரி நிற்கும். நாய் தலையைத் தாழ்த்தி முயலைக் கவ்வப் போகும் உயரமும் அந்தக் கட்டையின் உயரமும் ஒன்று, 15–20 செ.மீ. கண், மார்பு, விரலிடைத் தோல், மூன்றும் அங்கே போகும். கட்டை மடக்கி உழும்வரை அந்த வயலுக்குள் நாயை விடக் கூடாது. இதில் பேச்சே இல்லை.

குழல் தாளிலும் வரிசை பார்க்க வேண்டும். வரிசையோடு நீளவாக்கில் ஓடினால் கால் இடைவெளியில் விழும். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு எட்டிலும் தாள்மேல் மிதி.

உழவில் கலப்பை பிரட்டிப் போட்ட பச்சை உழவு வேறு, பரம்படித்த புழுதி வேறு. பச்சை உழவில் சால் 20–25 செ.மீ. ஆழம், விளிம்பில் கட்டி. குறுக்கே ஓடும் நாயின் ஒரு கால் சாலில், ஒரு கால் மேட்டில். மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். அந்தக் கட்டிகள் காய்ந்தோ உறைபனியில் இறுகியோ போய்விட்டால் கல்லும் அதுவும் ஒன்று. முந்தைய நாள் மெத்தென்று இருந்த வயல் இரவு உறைந்தால் காலையில் கால் உடைக்கும். வெயில் ஏறி மேல் இரண்டு செ.மீ. மட்டும் இளகி, அடியில் கெட்டியாக இருக்கும் நேரம் அதைவிட மோசம், மேலே வழுக்கி கீழே அடிபடும்.

ஈரக் களிமண்ணில் சங்கதி வேறு. விரல்களுக்கு நடுவே மண் உருண்டையாகச் சேர்ந்து விரலை விரிக்கும். விரிந்த நிலையில் முழு வேகம் போனால் இடைத்தோல் கிழியும்.

ஒரு எளிய சோதனை: வயலில் பத்து இடத்தில் குதிகாலால் முழு எடையோடு அழுத்துங்கள். 2–3 செ.மீ. இறங்கி, காலை எடுத்ததும் விளிம்பு உதிராமல் நின்றால் நல்ல தரை. தடமே விழவில்லை என்றால் கெட்டி. காலை எடுக்கும்போது செருப்பை மண் இழுத்துப் பிடித்தால் வேண்டாம். பத்து இடமும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். ஓரத்தில் கெட்டி, நடுவில் சேறு என்று மாறும் வயல்தான் நாயை ஏமாற்றும், ஏனென்றால் அது முதல் பத்து எட்டில் தரையை எடைபோட்டு அதே நம்பிக்கையில் மீதியை ஓடுகிறது.

கரிசல் போன்ற வெடிக்கும் மண்ணாக இருந்தால் வெடிப்பில் கையை விட்டுப் பாருங்கள். நாலு விரல் சேர்ந்து போனால் அந்தப் பருவம் முழுக்க அந்த நிலத்தை மறந்துவிடுங்கள்.

புல்வெளி பாதுகாப்பு என்று நினைப்போம். மாடு மேய்ந்த புல்வெளியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் படல் வாசலிலும் குளம்புக் குழிகள் சேற்றில் பதிந்து அப்படியே காய்ந்திருக்கும். புல் மூடியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. மருந்தடிக்க டிராக்டர் ஒரே தடத்தில் போய்வந்த சக்கரப் பள்ளமும் இப்படித்தான், பயிர் வளர்ந்தால் மறைந்துவிடும். நாயோடு போகும் முன் வெறுங்கையோடு ஒரு முறை இந்த இடங்களை நடந்து பாருங்கள்.

கல் மேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சக்கிமுக்கிக் கல் மாதிரி உடைந்தால் கூர் விழும் கல் என்றால் உள்ளங்கால் மெத்தை கிழியும். அதைவிட, முன்காலில் மணிக்கட்டின் பின்புறம் தனியாக ஒரு சின்ன மெத்தை இருக்கிறதே, வேகத்தை அடக்கும்போது அதுதான் தரையில் தேயும். அது கிழிந்தால் ஆற நாளாகும், ஆறிய தோலும் லேசில் மறுபடி பிளக்கும்.

சரிவுக்காரன்

உழவு நிலத்தை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்பேன். பரம்படித்து லேசாக ஈரம் பட்ட புழுதியை விடக் காலுக்கு நல்ல தரை கிடையாது. வேகம் குறைகிறது, அடி மெத்தென்று விழுகிறது. அங்கே பிரச்சினை எலும்பு இல்லை, மூச்சு. இரண்டு கிலோகூட இல்லாத முயல் மண்மேல் ஓடும், 29 கிலோ நாய் மண்ணுக்குள் ஓடும். சமவெளிப் புல்லில் 20 விநாடியில் முடியும் ஓட்டம் புழுதியில் 40 விநாடி போகும், நாய் இரு மடங்குக்கு மேல் களைக்கும். அதனால் புழுதியில் ஓர் ஓட்டம், அப்புறம் கயிறு. மூச்சு முழுக்க இயல்புக்கு வந்து, அதற்கு மேலும் ஒரு கால் மணி நேரம் போகாமல் இன்னொன்று வேண்டாம். முழு ஓட்டத்துக்குப் பின் நாயின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் தாண்டுவது சாதாரணம் (இயல்பு 38.3–39.2). காற்றில்லாத பள்ளத்து வயலில் அது இறங்க நேரமெடுக்கும். தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி நடக்க வையுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் காபி நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள், சிறுநீரகத்தைத் தாக்கும். அது காத்திருக்கும் விஷயமல்ல.

இனி சரிவு. முயலின் பின்கால் முன்காலைவிட மிக நீளம், மேடேறுவதில் அதற்கு லாபம். வளையில்லாமல் வெட்டவெளியில் வாழும் பெரிய முயல் விரட்டினால் மேட்டுப் பக்கம்தான் பார்க்கும். குழிமுயலுக்கு மேடு பள்ளம் பொருட்டில்லை, வளைதான் பொருட்டு. உங்கள் வளைகள் கீழ் வேலியில் என்றால் முயல் எப்போதும் இறக்கத்தில் ஓடும். நீங்கள் மேலே நின்று அவிழ்த்தால் நாயும் இறக்கத்தில், முழு எடையும் முன்காலில், முடிவில் வேலி. தோள்பட்டைக் காயத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது. கீழே வேலியோரம் நின்று, சரிவின் குறுக்கே அல்லது மேல்நோக்கி ஓடும்படி விடுங்கள். பிடித்தாலும் விட்டாலும் நாய் வேகம் குறைந்துதான் முடிக்கும்.

மேல்நோக்கிய ஓட்டத்தில் பின்தொடைக்கு வேலை அதிகம். வண்டியிலிருந்து இறக்கிய குளிர்ந்த நாயை மேட்டில் ஏவினால் உள்தொடைத் தசை கிழியும். தொடையின் உட்புறம் கன்னிச் சிவந்து வீங்குவதுதான் அடையாளம். பத்து நிமிட நடை, பிறகு கயிற்றோடு லேசான ஓட்டம், அதற்குப் பின் அவிழ்ப்பு.

நம் வாடை முயலுக்கு எட்டாதபடி காற்று எதிர்முகமாக இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் சரிவுகளில் மாலை இறங்கியதும் குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே வழியும், பகலில் பார்த்த திசை செல்லாது. ஒரு சிட்டிகை சாம்பலையோ மாவையோ உதறிப் பாருங்கள்.

சாம்பல்கன்னி

இதைப் படிக்கும் இந்திய நண்பர்களுக்காக ஒரு குறிப்பு: இங்கே பேசுவதை அப்படியே நம் ஊரில் செய்துபார்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு (பாதுகாப்பு)ச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறைக்குள் கொல்வது மட்டுமல்ல, நாய் விட்டுத் துரத்துவதும் அதற்கான முயற்சியும் அடங்கும். இங்கிலாந்திலும் 2004 சட்டத்துக்குப் பின் வெட்டவெளி முயலை நாய் விட்டு ஓட்டுவது குற்றம். குழிமுயலுக்கும் எலிக்கும், நில உரிமையாளர் அனுமதியோடு, விலக்கு உண்டு. ஒரு நாட்டின் விதி அடுத்த நாட்டுக்கு ஆகாது.

கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் கயிற்றில் இழுக்கும் போலி இரையை விட்டு ஓட்டலாம். தரைச் சோதனை எல்லாம் இதேதான். கூடுதலாக ஒன்று: திருப்பத்தில் கப்பி வைக்கும்போது 90 டிகிரி ஒடிப்பு வேண்டாம், இரண்டு மூன்று கப்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்து அகலமாக வளையுங்கள். திருப்பம் விழும் இடம் முழு வயலிலும் சமமான, கட்டியில்லாத இடமாக இருக்கட்டும், சரிவில் இறக்கம் முடியும் இடத்தில் திருப்பம் கூடவே கூடாது. நாய் நிற்கும்முன் இழுவையை நிறுத்திவிட்டுக் கயிறு தரையில் தளர்ந்து கிடந்தால் காலில் சுற்றி அறுக்கும்.

வரப்போரம்

எல்லோருக்கும் நன்றி. மேலே நின்று அவிழ்ப்பதுதான் இங்கே வழக்கம், அதை மாற்றுகிறேன். தாள் கோதுமைத் தாள்தான். இரண்டு சந்தேகம் பாக்கி. சரிவு வயல்களில் வேலி சதுர வலைக்கம்பி, அதன்மேல் இரண்டு வரி முள்கம்பி. நாய்கள் தாவும். தாவவிடலாமா? இரவில் விளக்கடித்துப் போவதென்றால் எந்த வயல்?

கம்பிவேலி

தாவப் பழக்குவதும் தாவவிடுவதும் வேறு வேறு. பழக்க வேண்டும், ஏனென்றால் என்றைக்காவது அது தானே தாவும். ஓட்டத்தின் நடுவே தாவவிடக் கூடாது.

வலைக்கம்பிக்கு மேல் தனிக் கம்பி வரி ஓடும் இந்த மாதிரி வேலியில்தான் ஆபத்து அதிகம். தாவும் நாயின் பின்கால் தாழ்ந்தால், மேல்வரிக்கும் அதற்கு அடுத்த கீழ்க்கம்பிக்கும் நடுவே பாதம் நுழையும். உடல் அந்தப் பக்கம் விழும்போது இரு கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிப் பூட்டிக்கொள்ளும். நாய் தலைகீழாகத் தொங்கும். இரத்த ஓட்டம் நின்று, சிறிது நேரத்தில் கால் போய்விடும். கம்பி வெட்டும் குறடு இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். சிக்கினால் முதலில் நாயின் உடலைத் தூக்கிப் பாரத்தை எடுங்கள், பிறகு வெட்டுங்கள். வலியில் அது உங்களையே கடிக்கும், வாயை ஒரு துணியால் கட்டிவிடுவது நல்லது. மறுநாளே வேலியைச் சரிசெய்து கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அனுமதி அத்தோடு சரி.

பழக்குவது இப்படி: பலகையில் 60 செ.மீ. தடுப்பு, கட்டளைச் சொல்லோடு, நின்று தாவல் மட்டும். ஓடிவந்து தாவ விடாதீர்கள். வாரத்துக்கு 10 செ.மீ. கூட்டி, 110 வரை. பிறகு அதே உயரத்தில் முள் இல்லாத வலைக்கம்பியின்மேல் ஒரு சாக்கைப் போட்டு. மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்போது நாய் உயரத்தைச் சரியாகக் கணிக்கும். தனிக் கம்பி அதன் கண்ணுக்கு இல்லாத பொருள்.

இரவுக்கு வருகிறேன். நிலவில்லாத, காற்றடிக்கும் இரவில் முயல் வளையை விட்டு அதிகத் தூரம் மேயும், உங்கள் காலடியும் கேட்காது. ஆனால் விளக்கு வட்டத்துக்கு வெளியே நாய்க்குக் குருட்டிருட்டு. அதனால் வேலி குறைந்த வயல்தான் இரவுக்கு, உங்கள் சமவெளி. பகலில் நடந்து, வாய்க்கால், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, சொட்டுநீர்க் குழாயின் நிமிர்ந்த முனை, மறந்துபோய் விட்ட இரும்புக் கம்பம், மின்வேலி எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். முயல் வேலியை நோக்கி ஓடத் தொடங்கியதும் விளக்கை முயல்மீதிருந்து வேலிமேல் திருப்ப வேண்டும். முயல் போகட்டும், நாய் வேலியைப் பார்க்கட்டும். புதிதாக விளக்குப் பிடிப்பவர்கள் கடைசிவரை முயலையே துரத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் நாயைக் கம்பியில் கொண்டுபோய் அடிக்கிறது.

எலிக்கோ முயலுக்கோ விஷம் வைத்திருக்கிறார்களா, அண்மையில் மருந்தடித்தார்களா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் எலிமருந்து தின்ற எலியை நாய் விழுங்கினால் அறிகுறி தெரியச் சில நாளாகும், அதற்குள் நீங்கள் வேறு எதையோ சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

மேட்டுநிலம்

வீடு திரும்பியதும் காலைப் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் படுக்கவிடுகிறார்கள்.

வெதுவெதுப்பான நீரில் நாலு காலையும் மண் போகக் கழுவி, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக விரித்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிப்புல்லின் கூர்விதை விரலிடையில் ஏறினால் மேலே சிறு புள்ளிதான் தெரியும், முனை உள்நோக்கிப் பயணிக்கும், பத்து நாள் கழித்துச் சீழ்க் கட்டியாக வரும். நாய் ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நகத்தின் அடி வளையத்தைத் தொட்டு அசைத்துப் பாருங்கள். முன்காலின் உட்பக்கக் கட்டைநகம் தாள் நிலத்தில் அதிகம் பிய்யும்.

பிறகு நாயைச் சமதரையில் நிற்கவைத்து விரல்களைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். ஒரு விரல் மட்டும் தட்டையாகப் படிந்திருந்தால், விரலை மடக்கும் இரண்டு நாண்களில் தோலுக்கு அருகில் ஓடும் மேல்தசைநாண் அறுந்திருக்கலாம். நகம் மட்டும் வானம் பார்த்துத் தூக்கி நின்றால் ஆழ்தசைநாண். கண்ணாடித் துண்டு, கூர்க்கல், தாள் முனை மூன்றுமே மெத்தைக்கு மேலே ஒரு செ.மீ. கீறலில் இதைச் செய்யும். இரத்தம் சீக்கிரம் நின்றுவிடும், நாயும் பெரிதாக நொண்டாது, சின்னக் காயம் என்று விட்டுவிடுவோம். அன்றைக்கே மருத்துவரிடம் போனால் தைக்க வாய்ப்பு உண்டு. வாரம் கழித்துப் போனால் அறுந்த முனைகள் உள்ளே சுருங்கிப் போயிருக்கும்.